குளிர்ச்சியில் எங்கள் பங்கு

காரைக்குடியில் வெயில் நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் பெரிய வீடு. கட்டி முடித்த நாளிலிருந்து இந்த நிமிடம்வரை அதன் வாசற்படியை வெப்பம் தாண்டியதில்லை. சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு, தரையில் ஆத்தங்குடிக் கல், மேலே பர்மாத் தேக்கு, நடுவே வானம் பார்த்த முற்றம். நாளைக்கே சூரியன் ஊருக்குள் இறங்கி வந்தாலும் முற்றத்தைச் சுற்றிய எங்கள் வளவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, போர்த்திக்கொள்ள இன்னொரு துண்டு கேட்கலாம்.

இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் பெரிய வீட்டுப் பரிபாலனக் கமிட்டியின் தலைவர் சத்தியமூர்த்திப் பெரியப்பா. வங்கி ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கிடைத்தது வங்கிக்குத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். எனக்கு அவரிடம் காரியம் ஆகவேண்டியிருந்தது.

காரியம் என் லேப்டாப் சம்பந்தப்பட்டது. அது பெரிய வீட்டுக்கு நேர் எதிரான பிறவி. கேமிங் லேப்டாப். கல்லூரியில் கணினி அறிவியல் கடைசி வருஷம்; படிப்புக்கு என்று அப்பாவிடம் சொல்லி வாங்கினேன். பொய் இல்லை. விளையாட்டுகளை உருவாக்கப் பழகிக்கொண்டிருந்தேன், இடையிடையே அடுத்தவர்கள் உருவாக்கியவற்றை விடிய விடியச் சரிபார்த்தேன். நாங்கள் குடியிருப்பது செக்காலைப் பக்கம் ஒரு காங்கிரீட் வீட்டில். என் அறை நேரே மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே. மே மாதத்தில் லேப்டாப்பைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அதன் விசிறிகள் போடும் சத்தத்தைக் கேட்டு, அமைச்சர் யாராவது ஹெலிகாப்டரில் இறங்குகிறாரா என்று எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்ப்பார். தொண்ணூற்றேழு டிகிரியைத் தொட்டதும் லேப்டாப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் வீசும் அனலுக்கு எதிரே அம்மா வற்றல் தட்டை வைக்க ஆரம்பித்திருந்தாள். சுண்டைக்காய் ஒரே பகலில் காய்ந்தது.

"ஒன் படிப்புல இதாச்சும் உருப்படியா நடக்குதே" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி என்னைத் தேர்வுக்கு அழைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை. வீட்டிலிருந்தபடியே, நம் சொந்தக் கணினியில், ஒரு விளையாட்டின் ஒரு கட்டத்தை உருவாக்கி அனுப்பவேண்டும். கணினி இடையில் அணைந்தால் ஒரே ஒரு முறை, பத்து நிமிடத்துக்குள் திரும்பி வரலாம். தாமதித்தால் தேர்வு முடிந்தது. கேமராவில் இன்னொரு முகம் தெரிந்தாலும் தேர்வு முடிந்தது. தேறாவிட்டால் ஜூன் மாதம் திருப்பூரில் மாமாவின் எவர்சில்வர் பாத்திரக் கடையில் போய் உட்காரவேண்டும். மாமா அதற்குள் எனக்கு நாற்காலி வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடச் சிநேகிதன் கோபிநாத்தின் சர்வீஸ் கடைக்குப் போனேன். அவன் பின்மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, பழைய பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவி, மறுபடி மூடி, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"மாப்ள, மெசின்ல ஒரு கொறயும் இல்ல. ஒன் ரூம்புதான்டா கொற. இட்லிச் சட்டிக்குள்ள ஒக்காந்துக்கிட்டு ஆவி அடிக்குதுங்கிற."

"வழி என்னடா?"

"இத வையி." ஆறு விசிறிகளும் நீல விளக்குகளும் உள்ள ஒரு குளிர்விப்புப் பலகையைத் தந்தான். அது லேப்டாப்பிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி, லேப்டாப்பை இன்னும் கொஞ்சம் சூடாக்கி, அந்தச் சூட்டை நீல வெளிச்சத்தில் அழகாகக் காட்டியது. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது கோபிநாத் கோபித்துக்கொண்டான்.

"ஏன்டா, அம்புட்டுப் பெரிய வீட்டக் கட்டி, பூட்டி, வவ்வாலுக்கு விட்ருக்கீக. வவ்வாலு குளுகுளுன்னு தொங்குது. நீ எங்கிட்ட வந்து பலக கேக்குற. அங்குட்டுப் போயி ஒக்காருடா!"

எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வியந்தேன். பிறகு, தோன்றாமல் இருந்ததே நல்லது என்று தெரிந்துகொண்டேன்.

பெரிய வீட்டின் சாவி கமிட்டிச் செயலாளர் விசாலம் ஆச்சியிடம் இருக்கிறது. போய், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் வளவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டேன். ஆச்சி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

"யாரு கேக்குறது?"

"நான்தான் ஆச்சி. அக்ஷய்."

"அது தெரியுதுப்பு. நீ புள்ளியா?"

இதை வெளியாட்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் ஆட்களில் கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. கோயிலோ, வீடோ, பொதுக்காரியமோ, எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். பெரிய வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் புள்ளி. கல்யாணம் ஆகாதவன் எத்தனை வயதானாலும் கணக்கில் வரமாட்டான். அதாவது, இருபத்தொரு வருஷமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தும் கமிட்டியைப் பொறுத்தவரை நான் இன்னும் பிறக்கவில்லை.

"அப்ப எனக்கு அந்த வீட்டுல ஒண்ணுமே கெடையாதா ஆச்சி?"

"ஏன் இல்ல? விசேசத்துக்கு வந்தா எல போடுவோம்." ஆச்சி கொஞ்சம் இரங்கினார். "ஞாயித்துக்கெழமைன்னா சொன்ன? கண்டரமாணிக்கத்துல ஒரு பொண்ணு இருக்கு, நித்யஸ்ரீன்னு. பி.டெக். நல்ல நெறம். நீ சரின்னு சொன்னா நாளைக்கே பேசி முடிக்கலாம். புள்ளி ஆயிட்டா நீயே கேட்டுக்கலாம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல."

"லேப்டாப் சூடாகுதுன்னு கல்யாணம் பண்ண முடியுமா ஆச்சி?"

"எங்க காலத்துல இதவிடச் சின்னக் காரணத்துக்கெல்லாம் பண்ணி வெச்சாக."

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. அம்மா என் ஜாதகத்தைத் தேடி எடுத்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, புள்ளியாகிய அப்பாவிடம் மன்றாடினேன். அப்பா தயங்கினார். பெரிய வீட்டு முகப்பில் எரிந்துகொண்டிருந்த பழைய குண்டு பல்பை மாற்றலாம் என்று ஒரு தடவை கமிட்டியில் சொல்லிவிட்டு அவர் பட்டது போதும். அந்த பல்பு பற்றிய துணைக்குழு இன்னும் கலையவில்லை. பல்பு மட்டும் ஃபியூஸ் போய்விட்டது.

"திருப்பூருக்கே போயிருடா. மாமா நல்ல மனுசன்" என்றார். பிறகு லேப்டாப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த சுண்டைக்காயைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு விசாலம் ஆச்சி வீட்டுக்குக் கிளம்பினார்.

வியாழக்கிழமை மாலை அவசரக் கூட்டம் கூடியது. பங்காளிகள் பல தேசங்களில் இருப்பதால் வீடியோவில். சிங்கப்பூரில் ஒருவர் தலைக்குச் சாயம் பூசியபடி அமர்ந்திருந்தார். டல்லாஸிலிருந்து கார்த்திகேயன் சித்தப்பா அலுவலகத்தில் ஸ்வெட்டர் போட்டபடி தெரிந்தார். அப்பா முன்னால் உட்கார, பிறக்காதவனாகிய நான் கேமராவில் படாமல் கட்டில் ஓரத்தில் இருந்தேன்.

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"பங்காளிகளுக்கு வணக்கம். நம்ம வீட்டுக் குளிர்ச்சி எங்குட்டிருந்து வந்துச்சு? வானத்துலருந்து விழல. நம்ம ஐயாக்கமாரு ஒவ்வொரு செவுத்துலயும் சிறுகச் சிறுகச் சேத்து வெச்சுட்டுப் போன சொத்து. அது முதல். காலைல தரையில கால வெச்சா சில்லுன்னு ஏறுதே, அது வட்டி. வட்டிய அனுபவிக்கலாம். முதல்ல கை வெக்கக் கூடாது. இப்ப நம்ம தம்பி மகன் தொண்ணூத்தேழு டிகிரியத் தூக்கியாந்து நடு வளவுல எறக்குறேங்கிறான். அந்தச் சூடு நம்ம குளிர்ச்சியத் தின்னுரும். தின்னது திரும்பி வருமா? யாரு ஜாமீன்?"

அப்பாவுக்கு ஜாமீன் கொடுக்கும் அளவுக்குக் குளிர்ச்சி கைவசம் இல்லை.

"முப்பத்தாறு வருசம் வங்கியில இருந்தேன்" என்று தலைவர் தொடர்ந்தார். "என் கிளையில வாராக்கடன்னு ஒண்ணு கெடையாது. எப்படி? யாருக்கும் கடனே குடுக்கல. குடுத்தாத்தானய்யா வராமப் போகும்? அந்தக் கட்டுப்பாட்டோடதான் நான் இந்தக் குளிர்ச்சியவும் காப்பாத்திட்டு வாரேன். அதனாலதான் ஒருத்தரையும் உள்ள விடுறதில்ல."

சிங்கப்பூர்க்காரர் கை தட்டினார். சாயம் தெறித்தது.

கார்த்திகேயன் சித்தப்பா பொறியாளர். அவர் ஒரு கணக்கோடு வந்திருந்தார். "அண்ணே, நான் சயின்டிஃபிக்கா யோசிச்சேன். கேக்குறது நாலு மணி நேரக் குளிர்ச்சி. நாப்பத்தெட்டுப் புள்ளி. வகுத்தா ஒரு புள்ளிக்கு அஞ்சு நிமிசம் வருது. தம்பி மகன் அவுக பங்குக்கு அஞ்சு நிமிசம் வந்து ஒக்காந்துட்டுப் போகட்டும். அதுக்கு மேல வேணும்னா மத்தவுக அவுகவுக அஞ்சு நிமிசத்த எழுதிக் குடுக்கணும்."

"நான் என் அஞ்சு நிமிசத்தக் குடுக்க மாட்டேன்" என்றார் சிங்கப்பூர்க்காரர் உடனே. "என் மக கல்யாணத்துக்கு வேணும்."

"சரி, அஞ்சு நிமிசம்னாலும் எப்படி வசூல் பண்றது? அவன் பாட்டுக்கு ஆறு நிமிசம் குளுந்துட்டா?" இது விசாலம் ஆச்சி.

விவாதம் சூடு பிடித்தது. அப்பா மெல்லச் சொன்னார்: "அண்ணே, ரொம்ப செரமம்னா விட்ருங்க. யாரு வீட்டுலயாச்சும் ஏசி ரூம்பு இருந்தா..."

தலைவர் முகம் மாறியது.

"ஏசியா? நம்ம ஆளுக வாயிலருந்து அந்த வார்த்தை வரலாமா? ஏசிங்கிறது என்ன? வீடு கட்டத் தெரியாதவன் கட்டுற அபராதம். ஒரு டப்பாவுக்கு முன்னால ஒக்காந்துக்கிட்டு, அது ஊதுற காத்த வாங்கிக்கிட்டு, சுகமா இருக்குங்கிறானே, அவனப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது. வங்கியில என் ரூம்புல ஏசி வெச்சாக. முப்பத்தாறு வருசமும் அணைச்சே வெச்சிருந்தேன். உள்ள வந்தவன் அதுக்கப்பறம் ரெண்டாந்தடவ கடன் கேட்டு வரல."

"கரெக்ட்ணே" என்றார் டல்லாஸ். "இங்க ஆபீஸ்ல ஏசி ஓவரு. ஸ்வெட்டர் போட்டுத்தான் ஒக்காந்திருக்கேன். நம்ம கலாச்சாரமே வேற."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். திருப்பூர் நாற்காலியின் உறை பிரியும் சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா கேமரா பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, பையனுக்கு இது வேலைக்கான தேர்வு. விளையாட்டுக்குக் கேக்கல."

சிங்கப்பூர்க்காரர் சாயத் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு விசாலம் ஆச்சி, "வேலையா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? அப்ப இது நல்ல காரியம்ல!" என்றார்.

தலைவர் சிந்தித்தார். நல்ல காரியத்துக்கு வீட்டைத் திறக்கலாம். அதற்கு விதி இருக்கிறது. நல்ல காரியம் என்றால் எல்லாப் புள்ளிகளுக்கும் சொல்லி அழைக்கவேண்டும், அதற்கும் விதி இருக்கிறது. எல்லோரும் வந்துவிட்டால் அவரவர் பங்குக் குளிர்ச்சியை அவரவரே உட்கார்ந்து அனுபவித்துக்கொள்வார்கள், யாருடையதையும் யாரும் தின்ன முடியாது. சிக்கல் தீர்ந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சந்தோஷப்பட்டேன். கேமிங் லேப்டாப் வைத்திருந்தும் எனக்கு வெப்பம் எப்படி உண்டாகிறது என்பது அன்றுவரை சரியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் படம் போட்ட அழைப்பு எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. 'நிகழும் மங்களகரமான வைகாசி மாதம், செல்வன் அக்ஷய் அவர்களின் மடிக்கணினித் தேர்வு வைபவம் நமது பெரிய வீட்டில் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து...'

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்குப் போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சுமார் நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். பின்பக்கத்து இரண்டாங்கட்டில் சமையல்காரர் மூன்று அடுப்புகளை மூட்டி வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். வீடியோ எடுப்பவர் ஆளுயரக் கம்பங்களில் பெரிய விளக்குகளை ஏற்றியிருந்தார். முற்றத்தில் வெயில் இறங்கக் கூடாது என்று மேலே தகரப் பந்தல் போட்டு, காற்று வரும் ஒரே வழியையும் அடைத்திருந்தார்கள்.

நான் லேப்டாப்பை வெறுங்கல் தரையில் வைத்தேன். அதற்காகத்தானே வந்தது.

"ஏய், ஏய்! சரஸ்வதியத் தரையில வெக்கிறதா?" விசாலம் ஆச்சி பதறி ஓடிவந்தார். மணைப்பலகை போட்டு, அதன் மேல் ஜமக்காளம் மடித்து, அதன் மேல் பட்டு விரித்து, லேப்டாப்பை மெத்தென்று அமர்த்தினார்கள். அடியில் காற்று இழுக்கும் துளைகள் முழுவதும் பட்டுக்குள் புதைந்தன. இரண்டு பக்கமும் ஐந்து முகக் குத்துவிளக்குகளை ஏற்றினார்கள். ஆச்சி சந்தனம் குழைத்து, திரைக்கு மேலே சரியாக நடுவில் ஒரு பொட்டு வைத்தார். அங்கேதான் கேமரா இருக்கிறது.

சந்தனத்தைத் துடைத்துத் தேர்வைத் திறந்தேன். கண்காணிக்கும் மென்பொருள் என் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது. வந்தவர்கள் அனைவரையும் தாழ்வாரத் தூண்களுக்குப் பின்னால் மறையச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை மெல்லச் சுழற்றினேன். மென்பொருள் யோசித்துவிட்டு, 'அறையில் ஒன்பது நபர்கள் உள்ளனர்' என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

எண்ணிப் பார்த்தேன். நான் ஒருவன். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த முன்னோர் படங்கள் எட்டு.

"படத்தக் கழட்டலாமா ஆச்சி?"

"கமிட்டியக் கேக்காமலா? ஆணி அடிச்சதே ஒரு தீர்மானத்துலதான்." கடிகாரத்தில் பத்தாக மூன்று நிமிடம். ஆச்சி ஒரு முடிவுக்கு வந்தார். எட்டுத் துண்டுகளை வாங்கிவந்து ஒவ்வொரு படத்தின் மேலும் போட்டார். போடும்போது ஒவ்வொருவரிடமும் தணிந்த குரலில், "செத்த நேரம் கண்ண மூடிக்கிருங்க அப்பச்சி, புள்ள பரிச்ச எழுதுறான்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. கேள்வி எளிமையானதுதான்: பூட்டிய ஒரு கோட்டைக்குள் ஒருவன் நுழையவேண்டும், தடைகளை நாம் அமைக்கவேண்டும். எனக்குக் கற்பனைக்கே வேலை இல்லை. வாசலில் நாற்பத்தெட்டுக் காவலாளிகளை நிறுத்தினேன். ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கேட்டு வரச் சொன்னான்.

கேமராவுக்குப் பின்பக்கம் மூன்று வரிசையில் நாற்காலி போட்டுப் பார்வையாளர்கள் அமர்ந்தார்கள்.

"அந்தக் கோட்ட வாசலக் கெழக்கப் பாத்துத் திருப்புப்பு. தெக்க இருக்கு."

"அவன் எதுக்கு இப்படி எகிறிக் குதிக்கிறான்? நடந்து போகச் சொல்லு, வேட்டி தடுக்கும்."

"வேட்டி எங்க கட்டியிருக்கான்? அரைக்கால் டவுசருல்ல போட்ருக்கான். நல்ல வீட்டுப் பையனாத் தெரியல."

பதினோரு மணிக்கு எண்பத்தெட்டு டிகிரி. பன்னிரண்டுக்குத் தொண்ணூற்று மூன்று. லேப்டாப்பின் விசிறிகள் அலறத் தொடங்கியதும், அது தெரியாமல் இருக்க, நாதஸ்வரம் போட்டிருந்த ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள். நான் பட்டுத் துணியின் ஓரத்தை ரகசியமாக உருவினேன். வெகுநேரமாக அதையே கவனித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி மறுபடி ரகசியமாகச் செருகினார்.

ஒரு மணிக்குச் சற்றுமுன் தலைவர் மைக்கைப் பிடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வந்திருக்கிற பங்காளிகளே. இப்ப நீங்க உணருறீகளே இந்தக் குளிர்ச்சி, இது எந்த நாட்டுலயும் கெடைக்காது."

நூற்றைம்பது பேரும் முந்தானையாலும் துண்டாலும் பணியாரத் தட்டாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் கழுத்தைத் துடைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "ரொம்பக் குளிருக்கு ஒடம்பு இப்படித்தான் ஈரம் விடும்" என்றார். அவரும், "ஆமா, எனக்குக்கூட நடுங்குது" என்று சொல்லித் தன் துண்டைப் பிழிந்தார்.

"டாக்டர் என்னைய ஏசியில ஒக்காருங்கன்னாரு" என்று தலைவர் முழங்கினார். "நான் சொன்னேன், டாக்டர், நீங்க எங்க வளவுக்கு வாங்க, ஒங்களுக்குச் சளி பிடிக்கலைன்னா நான் பேர மாத்திக்கிறேன். அத்தோட அவரு என்னப் பாக்குறதயே நிப்பாட்டிட்டாரு!" கைதட்டல் வந்தது. கை தட்டினால் விசிற முடியாது என்பதால் சீக்கிரம் நின்றது. தலைவர் திடீரென்று கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்து, "ஒரு முக்கியமான போன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை. ஒலிபெருக்கிச் சத்தத்தில் தவறவிட்டிருக்கலாம்.

தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றாறு. காவலாளிகள் திரையில் திக்கித் திக்கி நடந்தார்கள். கோட்டையின் கடைசிக் கதவு மட்டும் பாக்கி. அதைத் திறக்கும் கட்டளையை எழுதிக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. விசிறிகள் ஓய்ந்தன.

"முடிஞ்சிருச்சா? எல போடலாமா?" என்றார் விசாலம் ஆச்சி.

நேரம் ஒன்று இருபத்தைந்து. பத்து நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். ஆறவைத்தால்தான் லேப்டாப் எழும். இந்த வீட்டில் அது ஆறாது. "ஆச்சி, விளக்க அணைங்க, எல்லாரும் கொஞ்சம் வெளிய போனீகன்னா..."

"மங்கல விளக்க அணைக்கிறதா? தலைவர் வரட்டும், கேட்டுச் சொல்றேன்."

"அதுக்குள்ள தேர்வு போயிரும் ஆச்சி!"

மூன்றாம் வரிசையில் இருந்த அப்பா எழுந்தார். கமிட்டிக் கூட்டங்களில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "ஓடுறா! எடுத்துக்கிட்டு எங்குட்டாச்சும் ஓடு!"

லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். சட்டையைத் தாண்டிச் சுட்டது. தெருவில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. கோபிநாத் கடைக்கு ஓடினால் கால்மணி நேரம். எங்கள் வீட்டுக்கு அதற்கு மேல். கடைகளெல்லாம் ஞாயிறு விடுமுறை. என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் திரும்பினேன்.

சந்தில் புங்கமரத்தடியில் தலைவரின் வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணில் ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது.

கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு, இரண்டு அக்குள்களையும் காற்று வரும் துளைகளுக்கு நேராகக் காட்டி, கண்களை மூடி அமர்ந்திருந்தார் சத்தியமூர்த்திப் பெரியப்பா. முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

தட்டினேன். துள்ளி எழுந்து பொத்தான்களைத் தேடினார். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. அந்த இடுக்கு வழியே வந்த காற்றில் என் கண் சொக்கியது.

"பேட்டரி எறங்கிருச்சுடா. ஓட விட்டு ஏத்திக்கிட்டிருக்கேன்."

"சரிங்க பெரியப்பா. கதவத் தெறங்க. அஞ்சு நிமிசம்தான் இருக்கு, இல்லைன்னா வேல போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார். பெரிய வீட்டின் சுவரைப் பார்த்தார். சந்தின் இரண்டு முனைகளையும் பார்த்தார். பின்கதவின் பூட்டு 'டக்' என்றது.

உள்ளே கொடைக்கானல். லேப்டாப்பை இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே குளிர்க்காற்றுக்கு நேராக நீட்டிப் பிடித்தேன். பெரியப்பா அந்தத் துளையை அதன் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பொத்தானை அழுத்தினேன். எழுந்தது. கைப்பேசி இணையத்தை இணைத்தேன். கடைசி நிமிடத்தில் தேர்வு திறந்தது. மறுபடியும் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னது.

"பெரியப்பா, நீங்க கேமராவுல தெரியக் கூடாது. செத்த வெளிய நிக்கிறீகளா?"

அவர் வெளியே பார்த்தார். சந்து முனைத் தார்ச்சாலையில் கானல் நெளிந்தது. மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு இருக்கையிலிருந்து சரிந்து, முழங்கால்களை மடக்கி, தலையைக் குனிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் பெடல்களோடு பெடலாகப் போய் அடங்கினார். நான் லேப்டாப்பைச் சுழற்றினேன். 'அறையில் ஒரு நபர் உள்ளார்' என்றது பச்சை எழுத்து.

அணைவதற்கு முன் எழுதியது பத்திரமாக இருந்தது. கடைசிக் கதவை எழுத உட்கார்ந்தேன். அறுபது டிகிரிக்கு மேல் லேப்டாப் போகவே இல்லை. விசிறிகள் தாலாட்டுபோல் முனகின. லேப்டாப் பேட்டரி கடைசி ஒரு கோட்டில் தாக்குப்பிடித்தது. பெரிய வீட்டிலிருந்து ஒலிபெருக்கி கேட்டது. விசாலம் ஆச்சியின் குரல்: "நம்ம வீட்டுக் குளிர்ச்சியக் கட்டிக் காத்து வர்ற தலைவருக்கு நன்றி தெரிவிச்சு இந்தத் தீர்மானத்த முன்மொழியிறேன். தலைவர் எங்குட்டு இருந்தாலும் மேடைக்கு வரணும்."

ஸ்டியரிங்குக்கு அடியில் சலனம் இல்லை. ஆச்சி இரண்டாம் முறையும் அழைத்தார். யாரோ ஒருவர் சந்து முனைவரை வந்து, "அண்ணே! சத்தியமூர்த்தி அண்ணே!" என்று கூப்பிட்டார். வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கோட்டைக் கதவு திறந்தது. நாற்பத்தெட்டுக் காவலாளிகளும் ஒதுங்கி வழிவிட, அரைக்கால் சட்டைக்காரன் உள்ளே போனான். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன். 'உங்கள் தேர்வு ஏற்கப்பட்டது' என்று வந்தது. கேமராவின் விளக்கு அணைந்தது. லேப்டாப்பை மூடினேன்.

"பெரியப்பா, முடிஞ்சிருச்சு. அனுப்பிட்டேன். நீங்க இனிமே எந்திரிக்கலாம்."

"அனுப்பிட்டியா? நல்லது. நல்லா வருவ." குரல் மட்டும் வந்தது. "நீ உள்ள போயிச் சாப்பிடு. கதவ நல்லாச் சாத்திட்டுப் போ."

"ஒங்களத் தேடுறாக பெரியப்பா."

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது. காற்றில் துழாவி, ஏசியின் குமிழைத் தொட்டு, அதை இன்னும் ஒரு படி கூட்டிவிட்டுக் கீழே போனது.